சங்கத்துக் கணனியின் பழுதான சீடி டிரைவை மாற்றுதல்

பாடத்தின் நோக்கம்: பழைய மேசைக் கணனியில் பழுதான சீடி டிரைவை நாமே மாற்றவும், இறுவட்டுகளில் உள்ள நமது ஆவணங்களைப் பாதுகாக்கவும் அறிந்துகொள்ளுதல்.



1990இல் போரினாலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோளினாலும் நமது கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த உடையோடு வெளியேறின. காணி உறுதி, வயற்காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வீட்டோடு போயின. எஞ்சியவற்றைப் பலர் படம்பிடித்து, சீடி என்று நாம் சொல்லும் இறுவட்டில் பதிந்து வைத்தார்கள். இன்று அந்த வட்டு அலுமாரியில் இருக்கிறது. அதை வாசிக்கும் டிரைவ் செத்துவிட்டது. நற்பிட்டிமுனையிலும் சுற்றூர்களிலும் இந்நிலை ஏற்பட்டால் என்ன செய்வது?

முதலில் நோயை அறிவோம்

பழுது வட்டிலா, டிரைவிலா? வட்டை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டாம். பின்னர், நன்றாக வேலை செய்யும் வேறொரு வட்டைப் போட்டுப் பாருங்கள். அது வாசிக்கப்பட்டால் பழுது வட்டில்தான். டீ.வீ.டீ.யை வாசித்து சீடியை மட்டும் வாசிக்காவிட்டால், சீடிக்குரிய லேசர் ஒளி பழுதாகியிருக்கலாம். முன்பக்க விளக்கு எரியாமலும் தட்டு வெளியே வராமலும் இருந்தால், மின்வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். தட்டுக்குள் வட்டு சிக்கியிருந்தால், கணனியை நிறுத்திவிட்டு, முன்புறச் சிறு துளைக்குள் நிமிர்த்திய காகிதக் கிளிப்பைச் செலுத்தி மெல்ல அழுத்துங்கள். தட்டு சற்று வெளியே வரும். மீதியைக் கையால் இழுக்கலாம்.

எந்த வகை வாங்குவது?

பழைய கணனிகளில் இரு வகை உண்டு. அகலமான நாடா போன்ற வயர் பொருத்தப்பட்டிருந்தால் அது ஐ.டி.ஈ. ஒடுங்கிய தட்டையான வயர் இருந்தால் அது சாட்டா. சாட்டா 2003 முதல் பரவியது. வகை ஒன்றானால் கைவிடப்பட்ட வேறொரு மேசைக் கணனியின் டிரைவும் பொருந்தும். கணனியைத் திறக்க விருப்பமில்லாதவர்கள், வெளியிலிருந்து இணைக்கும் யூ.எஸ்.பி. டிரைவை வாங்கலாம்.

செய்முறை

1. கணனியை நிறுத்தி, மின்வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பின் அதன் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள்.
2. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றுங்கள். பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்கும்.
3. வயர்கள் இருந்த விதத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பின் டிரைவின் இரு வயர்களையும் பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.
4. இருபக்க ஸ்குரூ ஆணிகளைக் கழற்றி, டிரைவை முன்பக்கமாக வெளியே இழுங்கள். சில பெட்டிகளில் முன்முகப்பையும் கழற்ற வேண்டும்.
5. புதியதை முன்பக்கமாகச் செலுத்தி, பழைய ஆணிகளாலேயே இறுக்குங்கள். நீளமான ஆணி உள்ளே இருப்பதைச் சேதப்படுத்தும்.
6. வயர்களை மாட்டுங்கள். ஐ.டி.ஈ. ஆனால், பின்புறச் சிறு ஜம்பரைப் பழைய டிரைவில் இருந்த இடத்திலேயே வையுங்கள்; நாடாவின் சிவப்பு ஓரம் மின்பிளக் பக்கமாக இருக்கட்டும். சாட்டா பிளக் ஒரு பக்கமாகத்தான் நுழையும்; பலவந்தம் வேண்டாம்.
7. மூடியைப் பூட்டிக் கணனியை இயக்குங்கள். டிரைவ் தெரியாவிட்டால், மீண்டும் நிறுத்தி, மின்வயரைக் கழற்றி, உள்வயர்களைச் சரிபாருங்கள்.

வேலை இத்துடன் முடியவில்லை

நாமே பதிந்த சீடிகள் வெயிலாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெடும். ஆகவே வாசிக்க முடிந்த அன்றே எல்லாவற்றையும் கணனியின் வன்தட்டிலும், ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுங்கள். எடுத்த ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். பென் டிரைவைக் கடலுக்குத் தூரமான ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்தவர்களுக்கு 2004 என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். வாசிக்க முடியாத வட்டை எறிய வேண்டாம். ஒரு டிரைவ் கைவிட்டதை வேறொன்று சிலவேளை வாசிக்கும்.

படப்பிரதி மூலப்பத்திரம் ஆகாது. ஆனால் அதிலுள்ள உறுதி இலக்கமும் திகதியும் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி கேட்க உதவும். அனுமதிப்பத்திரத்தின் இலக்கத்தோடு பிரதேச செயலகத்தை நாடலாம்.

பிறருடைய உறுதிகள் சங்கத்தின் கையில் இருப்பது ஓர் அமானிதம். உரியவரின் சம்மதமின்றி அவற்றைத் திறக்கவோ, கடையில் விட்டுவரவோ கூடாது. காணாமற்போன ஒரு நாணயத்துக்காக விளக்கேற்றி வீடு முழுவதையும் கூட்டித் தேடிய பெண்ணைப் பற்றி இயேசு சொன்னார். அவளுடைய பொறுமையுடன் இந்த வட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கலந்துரையாட:
1. நமது குடும்ப ஆவணங்கள் எங்கே, எத்தனை பிரதிகளாக உள்ளன?
2. சங்கத்துக் கணனியைத் திறந்து பழக இளைஞர், யுவதிகளில் யார் முன்வருவார்கள்?
3. ஆவணங்களைப் பார்க்கும் அனுமதி யாருக்கு என்று சங்கம் எழுதி வைத்துள்ளதா?