வர்ச்சுவல் மெஷினை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறீர்களா? பிராசஸரைக் கவனியுங்கள்!

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை சாஃப்ட்வேர் மூலம் இயக்குவதுதான் வர்ச்சுவல் மெஷின். பழைய கணக்கு சாஃப்ட்வேர் ஒன்று விண்டோஸ் 7-இல் மட்டும்தான் ஓடும் என்றால், விண்டோஸ் 11 ப்ரோவில் உள்ள ஹைப்பர்-வி வசதியால் விண்டோஸ் 7-ஐ உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். (ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி கிடையாது.) புது கம்ப்யூட்டர் வாங்கியதும் இதை அப்படியே காப்பி செய்து கொண்டுவருவார்கள். ஸ்டார்ட் கொடுத்தால், பிராசஸர் ஒத்துப்போகவில்லை என்று பிழைச்செய்தி வரும். இப்படி மாட்டிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பழைய கம்ப்யூட்டரில் அதை ஷட் டவுன் செய்தீர்களா, இல்லை சேவ் ஆகி நின்றதா?

காரணம் இதுதான். வர்ச்சுவல் மெஷினுக்குள் தெரியும் ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் சாஃப்ட்வேர் போடும் வேஷம். பிராசஸர் மட்டும் அசல். 2005-இல் இன்டெல்லும் 2006-இல் ஏஎம்டியும் இதற்கென்றே தங்கள் பிராசஸர்களில் தனி வசதி கொண்டுவந்தன. உள்ளே ஓடும் புரோகிராமின் கட்டளைகள் பெரும்பாலும் நேராக உங்கள் பிராசஸரிலேயே இயங்குகின்றன. வேகமும் அதனால்தான், வில்லங்கமும் அதனால்தான்.

ஒரு புரோகிராம் தொடங்கும்போது, "உனக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும்?" என்று பிராசஸரைக் கேட்டுக்கொள்ளும். 2013-இல் வந்த ஏவிஎக்ஸ்2 தெரியும் என்று பதில் வந்தால், அதை நம்பியே வேலை செய்யும். மறுபடி கேட்காது. சேவ் செய்யும்போது அந்தப் பதிலோடு சேர்த்து மெமரி முழுவதும் ஃபைலாகிவிடுகிறது. ஏவிஎக்ஸ்2 இல்லாத பழைய லேப்டாப்பில் அதை எழுப்பினால் உள்ளே இருப்பவை கவிழ்ந்துவிடும். அதனால்தான் ஹைப்பர்-வி முன்கூட்டியே மறுக்கிறது.

புதியதில் பழையது எல்லாம் இருக்கும் என்றும் நம்ப முடியாது. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் ஏவிஎக்ஸ்-512 இருந்தது. அதே 2021-இன் இறுதியில் வந்த 12-ஆம் தலைமுறையில் அதை விட்டுவிட்டார்கள்!

இதற்குத்தான் ஒரு செட்டிங் இருக்கிறது. வர்ச்சுவல் மெஷினை முழுமையாக ஷட் டவுன் செய்துவிட்டு, ஹைப்பர்-வி மேனேஜரில் அதன் மேல் ரைட் க்ளிக் செய்து செட்டிங்ஸ் செல்லுங்கள். இடப்பக்கம் பிராசஸர் என்பதன் அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தினால் கம்பாட்டிபிலிட்டி தோன்றும். அதில் 'மைக்ரேட் டு எ ஃபிசிகல் கம்ப்யூட்டர் வித் எ டிஃபரன்ட் பிராசஸர் வெர்ஷன்' என்பதை டிக் செய்து ஓகே கொடுங்கள். இனி புதிய கட்டளைத் தொகுப்புகளை ஹைப்பர்-வி மறைத்துவிடும். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு எல்லா இன்டெல் பிராசஸரும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். இன்டெல்லில் சேவ் செய்ததை ஏஎம்டியில் எழுப்ப மட்டும் இதனாலும் முடியாது.

மறைப்பதற்கு விலை உண்டு. வீடியோ மாற்றும் புரோகிராம்கள் இந்தப் புதிய கட்டளைகளை நம்பியே வேகமாக ஓடுபவை; அவை மெதுவாகிவிடும். வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் இதை டிக் செய்யவே வேண்டாம் என்பேன். ஷட் டவுன் செய்த வர்ச்சுவல் மெஷின் புது இடத்தில் முதலிலிருந்து பூட் ஆகி, பிராசஸரைப் புதிதாக விசாரித்துக்கொள்ளும். வர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் ஷட் டவுன்தான் பாதுகாப்பான வழி.

ஆனால் ஷட் டவுன் ஆனதாக நாமே நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து. ஹைப்பர்-வியில் ஆட்டோமேட்டிக் ஸ்டாப் ஆக்‌ஷன் என்பது முதலிலேயே 'சேவ்' என்றுதான் அமைக்கப்பட்டிருக்கும். வெளியே உள்ள கம்ப்யூட்டரை நீங்கள் அணைத்தால் உள்ளே இருப்பது சேவ் ஆகுமே தவிர, ஷட் டவுன் ஆகாது. எனவே மாற்றும் முன் மேனேஜரில் ஸ்டேட் என்ற பத்தியைப் பாருங்கள். 'ஆஃப்' என்று இருந்தால் சரி. 'சேவ்டு' என்று இருந்தால் மீண்டும் ஸ்டார்ட் செய்து, கணக்கை சேவ் செய்து, உள்ளிருந்தே ஷட் டவுன் கொடுங்கள். பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு ஒரு வழிதான் மீதி. சேவ் ஆன நிலைக்கு மேற்சொன்ன டிக் உதவாது. வர்ச்சுவல் மெஷின் மேல் ரைட் க்ளிக் செய்து 'டெலீட் சேவ்டு ஸ்டேட்' கொடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகுமோ அதேதான் ஆகும்: டிஸ்க்கில் எழுதியவை இருக்கும், திறந்து வைத்து சேவ் செய்யாமல் விட்டவை போய்விடும்.