ஆலய வழிபாடும் ஆயுளும்

தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையிலுள்ள சாந்திநாதர் ஆலயத்தில் காலை வேளையில் சற்று நின்று நோக்கினால், வருவோருள் முதியோர் பலர் இருப்பதைக் காணலாம். "நாள் தவறாமல் கோயிலுக்கு வருவதால்தான் இவ்வயதிலும் நடமாடுகின்றனர்" என்று இளையோர் வியந்து கூறுவதை நாமும் கேட்டிருக்கிறோம். இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை ஆராய்தல் நன்று.

மருத்துவ அறிஞர் இதனைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அமெரிக்க நாட்டுச் செவிலியர் 74,534 பேரை 1996 முதல் 2012 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2016ஆம் ஆண்டு வெளியாயிற்று. வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்றவரிடையே, ஒருபோதும் செல்லாதவரைவிட இறப்பு 33 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் கிறித்தவப் பெண்மணிகள். ஆகவே அவ்வெண்ணை அப்படியே நம்மவர்க்குப் பொருத்துதல் முறையன்று.

இங்கே ஒரு தடை எழும். நடக்க இயன்றவரே ஆலயம் வருகின்றனர். நோயுற்றவர் வீட்டில் தங்கிவிடுகின்றனர். அங்ஙனமாயின் உடல்நலம் வழிபாட்டின் விளைவா, காரணமா? நியாயமான வினாவே. இதனை எண்ணியே அவ்வாய்வாளர், தொடக்கத்தில் இதய நோயும் புற்றுநோயும் இல்லாதவரையே கணக்கிற் கொண்டனர். தொடர்பு குறைந்ததே அன்றி மறையவில்லை எனப் பிற ஆய்வுகளும் காட்டுகின்றன. புகைபிடியாமை, மனச்சோர்வின்மை, உற்றார் துணை ஆகியன அதற்குரிய காரணங்களுட் சில என்பது அவர்தம் முடிவு.

நமது ஆகமம் இதுபற்றிக் கூறுவது யாது? ஆயுள்வினை முற்பிறவியிலேயே கட்டப்பட்டது. எத்துணைப் பூசை செய்யினும் அதில் ஒரு நாளும் கூடாது. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் இரண்டாம் அத்தியாய இறுதியில் ஒரு நுட்பம் உரைக்கிறது: தேவர், நரகர், அப்பிறவியிலேயே வீடுபெறும் மேலோர், எண்ணிலா ஆண்டு வாழ்வோர் ஆகிய இவர்கள் நீங்கலாக, ஏனையோர் ஆயுள் இடையிற் குறையக்கூடும். நஞ்சு, ஆயுதம் முதலியவற்றைக் காரணமாகக் காட்டுவர் உரையாசிரியர். புகையிலையையும் மதுவையும் யாருமற்ற தனிமையையும் இவ்வரிசையிற் சேர்ப்பதில் பிழையில்லை என்பது நம் கருத்து. ஆலயம் செல்வோர்க்கு ஆயுள் நீள்வதாகத் தோன்றுவது, இடையே குறைய வேண்டாதது குறையாமல் நிற்பதே போலும்.

இப்பயனைக் கருதியே ஆலயம் செல்வோமாயின், அது 'நிதானம்' எனும் சல்லியமாகும். நெஞ்சில் தைத்த முள் அது. சல்லேகனை விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் முதலாவதாக எண்ணப்படுவதும் இன்னும் வாழவேண்டும் எனும் விருப்பமே.

ஆகவே நமக்குக் கவலை தருவது வருவோரைப் பற்றியதன்று. வராமல் நின்றுபோனவரைப் பற்றியது. 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் ஆலயக் கதவுகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. திறந்தபின் பழைய முகங்கள் சில திரும்பவேயில்லை. அடையாற்றின் அடுக்கு வீடுகளில் பிள்ளைகள் அலுவலகம் சென்றபின் தனித்திருக்கும் முதியோர்க்கு, தி. நகரோ மயிலையோ எளிதில் எட்டும் தொலைவன்று. வாயிற்படிகளில் பிடித்து ஏறக் கைப்பிடி இல்லாத ஆலயங்களும் உள.

மயிலாப்பூரில் நாமறிந்த பெரியவர் ஒருவர், சதுர்த்தசி தவறாமல் வந்தவர், திடீரென நின்றுவிட்டார். மகன் வீட்டிற்குச் சென்றிருப்பார் என்றே எல்லோரும் எண்ணினோம், விசாரித்தவர் எவருமிலர். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலிருக்கிறார் என்பது நான்கு மாதங்கள் கழித்தே தெரியவந்தது. வெட்கத்துடன் சென்று பார்த்தோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அபிடேகம் இப்போதும் அதே நேரத்தில்தானா என்று கேட்டார். பின்னர், அடுத்த சதுர்த்தசியன்று கந்தோதகம் சிறிது கொண்டுவர இயலுமா என்றார்.