மியாகியின் கையில் பந்து

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய ஸ்டோரிபோர்டை மூன்று முறை பார்த்தேன். கோட்டில் உயிர் இருக்கிறது. ஆனால் முதல் பத்து நிமிடமும் முன்கதைச் சுருக்கமாகவே போகிறது. முன்கதை தெரியாதவர்களுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று பயந்திருக்கிறாய். அந்தப் பயத்தை விட்டுவிடு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' படத்தை இன்னொரு தடவை பார். தகெஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்த கூடைப்பந்து மாங்காதான் (ஜப்பானியப் படக்கதை) அதற்கு மூலம். தொலைக்காட்சித் தொடர் 101 அத்தியாயங்களோடு நின்றபோது, சான்னோ பள்ளியோடு நடக்கும் பெரிய ஆட்டம் அதில் வராமலே மிச்சமிருந்தது. அந்த ஆட்டத்தை 2022 டிசம்பரில் இனோவே தானே எழுதி இயக்கித் திரைக்குக் கொண்டுவந்தார். கதாநாயகன் சகுராகிக்காக ரசிகர்கள் காத்திருந்தார்கள். அவரோ ரியோட்டா மியாகியை நடுவில் நிறுத்தினார். மியாகி குள்ளமான ஆட்டக்காரன். மாங்காவில் அவன் வீட்டுக் கதையை யாரும் கேட்டதில்லை. ஒகினாவாவில் அவன் அண்ணன் மீன்பிடிக்கப் படகேறுகிறான். தன்னோடு விளையாடாமல் போகிறானே என்ற ஆத்திரத்தில், திரும்பி வராதே என்று தம்பி கத்துகிறான். அண்ணன் திரும்பவில்லை.

இதையெல்லாம் இனோவே முதலிலேயே கொட்டிவிடவில்லை. ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கிறார். இரண்டு பேர் வழிமறிக்க, மியாகி குனிந்து பந்தைத் தட்டியபடி அவர்களுக்கு நடுவே புகுந்து வெளியேறும் இடம் வரும்போது, தொடரையே அறியாதவருக்கும் தொண்டை அடைக்கும். விதிமுறை தெரியாவிட்டாலும் அடைக்கும்.

கடைசி நொடிகளைச் சட்டம் சட்டமாக நிறுத்திப் பார். இசை நின்றுவிடும். சகுராகியின் வாய் அசையும், குரல் வராது. மாங்காவிலும் அந்தப் பக்கங்களில் ஏறக்குறைய பேச்சே கிடையாது. தாளில் இருந்த மௌனத்தை, ஒலி கைவசம் இருந்தும் அவர் கலைக்கவில்லை. எனக்கு இந்தப் படத்தில் பெரிய துணிச்சல் அதுதான். உன் பன்னிரண்டாம் காட்சியில் அம்மா கதவருகே நிற்கிறாள் அல்லவா? அங்கே நீ எழுதியிருக்கும் நான்கு வரி வசனமும் வேண்டாம். அவள் கை கதவில் இருக்கட்டும், போதும்.

இன்னொன்று. உன் கதையில் பின்வரிசையில் ஒரு தங்கை வருகிறாள், பெயர்கூட வைக்கவில்லை. அவள் பக்கம் நின்று முதல் காட்சியை மறுபடி வரைந்து அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்