சரவணன்: இந்தப் பேருக்குள்ள ஆறு அம்மா இருக்காங்க!

ஓம் சரவணபவ!

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸ்அப்ல கேட்டார்: "அண்ணா, உங்க பேருக்கு என்ன அர்த்தம்? அதுல ரெண்டு சுழி 'ன'வா, மூணு சுழி 'ண'வா?"

ஆமாங்க, என் பெயர் சரவணன். தெருவுக்கு ரெண்டு சரவணன் இருப்போம். ஆனா அர்த்தம் கேட்டா முழிப்போம்!

சரம் + வனம் = சரவணம். சரம் என்றால் நாணல். நாணல் தண்டில் அம்பு செய்ததால் அம்புக்கும் சரம் என்று பெயர் வந்தது. வனம் என்றால் காடு. சரவணம் என்றால் நாணற்காடு. 'வனம்' எப்படி 'வணம்' ஆச்சு? வடமொழியில் முன்னால் வரும் 'ர' பின்னால் வரும் 'ன'வை 'ண' ஆக்கிவிடும். ராம + அயனம் 'ராமாயணம்' ஆனதும் இப்படித்தான். அதனால தம்பி, நடுவுல மூணு சுழி 'ண', கடைசியில ரெண்டு சுழி 'ன்'.

சிவபெருமானின் நெற்றிக்கண்ணில் தோன்றிய ஆறு பொறிகளை கங்கை கொண்டுபோய்ச் சேர்த்த இடம் இந்த நாணல் சூழ்ந்த பொய்கை. அங்கே ஆறு குழந்தைகளாக இருந்தவரைப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். பிறகு பார்வதி அன்னை சேர்த்து அணைக்க, ஆறும் ஒன்றாகிக் கந்தன் ஆனார் என்கிறது கச்சியப்பரின் கந்தபுராணம். சரவணத்தில் தோன்றியவன் என்பதே 'சரவணபவ'. ஆறெழுத்து மந்திரமும் அதுதான். திருப்பரங்குன்றத்திலும் பழனியிலும் இன்றும் சரவணப் பொய்கை இருக்கு.

இப்ப என் கதை. எனக்கு ரெண்டு வயசுல அம்மா தவறிட்டாங்க. பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டின்னு மாத்தி மாத்தி என்னை வளர்த்தாங்க. ஸ்கூல்ல பசங்க, "உனக்கு எதுடா நிஜ அம்மா?"ன்னு கேட்டப்போ அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தேன். பெரியம்மா கண்ணைத் துடைச்சுவிட்டு, "சாமிக்கே ஆறு அம்மாடா. உன் பேரை ஒழுங்கா சொல்லு, பதில் அதுலயே இருக்கு"ன்னாங்க. அதுக்கப்புறம் நான் அந்தக் கேள்விக்கு அழுததே இல்லை.

வளர்த்த அந்தப் பெண்களைச் சிவபெருமான் மறக்கவில்லை. அவர்கள் நாளில் விரதம் இருப்போருக்கு வேண்டியது கிடைக்கும் என வரம் தந்தார். நாம மாசாமாசம் இருக்கிற கிருத்திகை விரதம் அதுதான்.

அடுத்த கிருத்திகைக்கு முருகனைக் கும்பிட்டதும், உங்களை வளர்த்தவங்களுக்கு ஒரு போன் போடுங்க. நான் பெரியம்மாவுக்குப் போடுவேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!