டெலிபோன் ஆபரேட்டரின் மகள் சொல்கிறேன்

என் அம்மா மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் 180-ஐச் சுழற்றி, கால் புக் செய்துவிட்டுக் காத்துக் கிடந்த காலம் அது. நானும் மக்கள் தொடர்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கால் சென்டருக்கும் புதிதாக வரும் பெண்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் முக்கியமாக, "உங்க அம்மா எப்படிச் சமாளிச்சாங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

1. ஒருத்தியாகவே எல்லாம் செய்தாள் என்ற பேச்சை நம்பாதீர்கள். அம்மா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் "ஒத்தையா நின்னு பிள்ளைகள ஆளாக்குனா" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள், ஆனால் நடந்தது வேறு. அம்மாவுக்கு ஸ்பிளிட் டூட்டி, அதாவது காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம். இடையில் வீட்டுக்கு ஓடி வந்து ஓட வேண்டும். அம்மாச்சி தன் ஊரை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினார். ராத்திரிச் சோறு வடிப்பது அப்பாவின் வேலை. எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அம்மாவோடு வேலை பார்த்த அக்காமார் டூட்டி மாற்றிக்கொள்வார்கள். பதிலுக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்காக அம்மா தீபாவளி நைட் டூட்டி பார்ப்பார். இத்தனை பேரின் உழைப்பையும் மறைத்துவிட்டு அம்மாவைத் தெய்வமாக்கினால், அடுத்து வேலைக்குப் போகும் பெண்ணின் தலையில்தான் அது விடியும். தன்னால் முடியவில்லையே என்று அவள் தனியே அழுவாள். ஆகவே வேலையில் சேரும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வேலை கணவருடையது, எது மாமியாருடையது, எதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

2. கேட்டதை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். யார் வீட்டில் சாவு, யாருக்குக் கடன், எந்தச் சம்பந்தம் முறிந்தது என்று லைனில் எல்லாம் காதில் விழும். அன்று, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி ஊழியர் அதை வெளியே சொன்னால் மூன்று ஆண்டு வரை சிறை. அம்மா சட்டத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர் அல்ல. அடுத்த தெருக்காரர் வீட்டு ரகசியம் தெரிந்தும், கடைவீதியில் அவரிடம் வெறுமனே சௌக்கியம் விசாரிப்பார். இன்று உங்கள் கையில் இருப்பது வாடிக்கையாளரின் முழு விவரம். சாப்பிடும்போது சுவாரசியத்துக்காகக்கூட அதைப் பேசாதீர்கள்.

3. லைன் சரியில்லை என்றால் கத்தாதீர்கள். நிதானமாகப் பேசுங்கள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். கால் விவரம் எழுதும் டிரங்க் கால் டிக்கெட்டில் ஒரு எண் தப்பாக விழுந்தாலும், மணிக்கணக்காகக் காத்திருந்தவரின் காத்திருப்பு வீண். வீட்டிலும் அம்மா அப்படித்தான். கடைக்கு அனுப்பும்போது என்ன வாங்க வேண்டும் என்று எங்களைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகே காசு தருவார்.

4. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நைட் டூட்டி முடிந்து வந்ததும் அம்மா கொல்லைப்புறப் படியில் டம்ளர் காபியோடு உட்கார்ந்துவிடுவார். ராத்திரி முழுக்க ஹெட்செட் அழுத்திய காது சிவந்திருக்கும். அதைத் தேய்த்தபடியே இருப்பார், பேச மாட்டார். காபி தீரும் வரை பிள்ளைகள் யாரையும் அம்மாச்சி அந்தப் பக்கம் விட மாட்டார். பிறகுதான் தலை பின்னிவிடுவதும் வீட்டுப்பாடம் பார்ப்பதும். குரலை விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு அந்த மௌனம் சாப்பாட்டைப் போல அவசியம்.

5. விடுப்பை முழுதாக எடுங்கள். மத்திய அரசில் மகப்பேறு விடுப்பு 1997-ல்தான் 90 நாளிலிருந்து 135 நாளானது. 2008-ல் 180 நாள். தனியார் துறையிலும் 2017 முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் சட்டப்படி இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள், முன்பு வேலை பார்த்த பெண்கள் விடாமல் கேட்டதும் இதற்கெல்லாம் ஒரு காரணம்.

6. கருவி மாறும். கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960-லேயே, ஆபரேட்டர் இல்லாமல் நேராக வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்துவிட்டது. அது ஊர் ஊராகப் பரவப் பரவ, டிரங்க் போர்டுகளுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. அம்மாவை, போன் நம்பர் கேட்பவர்களுக்குச் சொல்லும் 197 விசாரணைக்கு மாற்றினார்கள். தலை நரைத்த பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வேலைக்குப் புதிதாக வந்த பையன்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். சின்னவர்களிடம் கேட்பதை அவர் ஒரு நாளும் குறைவாக நினைக்கவில்லை.

7. பிள்ளைகளுக்கு உங்கள் வேலை தெரிய வேண்டும். பள்ளி ஆண்டு விழாவுக்கு அம்மா வராத வருத்தம் எங்களுக்கு உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று தெரியும். ஆர்டினரி கால், அதைவிட அவசரமான அர்ஜென்ட் கால், எல்லாவற்றிலும் அவசரமான லைட்னிங் கால் எல்லாம் எங்களுக்கு விளையாட்டாகவே பாடம். தம்பி, அம்மா போர்டில் வயர் சொருகுவது போலக் கயிற்றை ஜன்னல் கம்பியில் சொருகி, "மூணு நிமிஷம் ஆச்சு சார், நீட்டிக்கவா?" என்று கேட்பான். ஆபீஸ், மீட்டிங் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். யாரோடு பேசுகிறீர்கள், எதற்காகப் பேசுகிறீர்கள் என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வர முடியாவிட்டால் போன் செய்யுங்கள்.