மழைக்காலத்தில் கோழித் தீனியும் பூசண நஞ்சும்

ஐப்பசி பிறந்துவிட்டால் மேடவாக்கம் வட்டாரத்தில் நன்கு காய்ந்த பொருள் என்று ஒன்றைக் காண்பது அரிது. ஒருபுறம் ஏரி, மறுபுறம் பள்ளிக்கரணைச் சதுப்பு, வடகிழக்குப் பருவமழையோ மார்கழி வரை விட்டு விட்டுப் பொழியும். இந்நாட்களில் பிண்ணாக்கு மூட்டையைப் பிரித்துப் பூசணம் பூத்திருக்கக் காணும் அங்கத்தினர், அதைத் துடைத்து, ஒரு நாள் வெயிலில் இட்டுக் கோழிக்குக் கொடுத்துவிடுவதுண்டு. காசு கொடுத்து வாங்கிய பொருளை எறிய மனம் வராமை இயல்பே. ஆயினும் அவ்வழக்கம் ஏன் ஆகாது என்பதை இங்கு ஆராய்வோம்.

நெசவாளர்க்கு இதை விளக்குதல் எளிது. கஞ்சியிட்ட துணியில் பூசணம் பிடித்தால் அதை உதறிவிடலாம்; கறை எளிதில் போகாது. தீனியிலும் அவ்வாறே. பூசணம் வேறு, அது விட்டுச்செல்லும் நஞ்சு வேறு. வெயில் பூசணத்தின் வளர்ச்சியை நிறுத்தும். முன்னமே ஊறிய நஞ்சை நீக்கும் என்று நம்புவதற்கில்லை. வேகவைத்தாலும் அது அழியாது.

இவ்வுண்மை உலகுக்குத் தெரிந்தது 1960-இல். இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்ததில், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமெனக் கண்டனர். அதிலிருந்த அஸ்பர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணத்தின் பெயராலேயே அந்நஞ்சு அஃப்லாடாக்சின் எனப்பட்டது. நம் நாட்டிலும் 1974-இல் இராஜஸ்தானத்துப் பான்ஸ்வாடா, குஜராத்துப் பஞ்சமகால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர்.

கோழிகள் எப்போதும் உடனே சாவதில்லை. அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். முட்டை குறையும், குஞ்சு வளராது, ஈரல் வெளுத்துக் கொழுப்பேறும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டும் பலிக்கவில்லை என்று குறைப்படுவோர், தீனி மூட்டையையும் ஒருமுறை முகர்ந்து பார்த்தல் நலம். வாத்துக் குஞ்சுகளோ கோழியினும் எளிதில் இந்நஞ்சுக்கு இரையாவன.

மஞ்சளும் வேப்பிலையும் போதாவா என்பர் சிலர். மிசௌரிப் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நஞ்சு கலந்த தீனியில் நூற்றுக்கு அரைப் பங்கு மஞ்சள்தூள் சேர்த்தபோது குஞ்சுகளுக்கு நேர்ந்த கேடு ஓரளவே குறைந்தது. பென்டோனைட் போன்ற களிமண் வகைகள் குடலில் அஃப்லாடாக்சினைப் பற்றிக்கொண்டு எச்சத்துடன் வெளியேற்றும். ஆனால் வேறு பல பூசண நஞ்சுகளிடம் அவை அத்துணை பயன்படுவதில்லை. வேம்பும் நொச்சியும் வண்டை விரட்டுவன. வண்டு துளைத்த மணியில் பூசணம் எளிதில் நுழையும். வண்டுகள் மலிந்தால் அவற்றின் மூச்சாலேயே மூட்டை வெப்பமும் ஈரமும் கொள்ளும். ஆகவே இலை இடுவது நன்றே. நிழலில் உலர்த்தி இடுக. பச்சிலை இடுவது ஈரத்தை நாமே உள்ளே வைப்பதாகும்.

உண்மையான காப்பு உலர்ச்சியே. தானியத்தில் ஈரம் நூற்றுக்கு 12 பங்குக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். சோதிக்கக் கருவி வேண்டுவதில்லை. காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம் இட்டு, வறுத்து ஆறிய உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, மூடி, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 பங்குக்கு மேல். ஒட்டாவிடினும் அதுவே போதும் என்றெண்ணாது மேலும் ஓரிரு நாள் வெயிலில் இடுக.

பிண்ணாக்கில் ஒரு நுட்பம் உண்டு. மரச்செக்கில் நீர் தெளித்தே ஆட்டுவர். எனவே அப்பிண்ணாக்கு இயந்திரப் பிண்ணாக்கினும் ஈரமுடையது. செக்கெண்ணெய் மீண்டும் புறநகரெங்கும் பரவிவரும் இக்காலத்தில் இது கவனிக்கத்தக்கது. அதை உடைத்து உலர்த்தாமல் மூட்டை கட்டலாகாது. சொந்தக் கடலையை ஆட்டக் கொடுப்போர், சூம்பியதும் உடைந்ததும் நிறம் மாறியதுமான பருப்பை முன்னரே பொறுக்கி நீக்குக. நஞ்சின் பெரும்பகுதி அவற்றிலேயே தங்கும்.

மூட்டைகளைத் தரையிலன்றிப் பலகைமேல், சுவரினின்று ஒரு சாண் தள்ளி அடுக்குக. மழைமாதங்களில் இரு வாரத் தேவைக்கு மேல் வாங்காதீர். தீனித்தொட்டியின் அடியில் ஒட்டிய பழைய மாவைச் சுரண்டாமல் புதியதைக் கொட்டுதல் கூடாது.

பூசணம் பிடித்ததைக் கோழிக்கு ஆகாதென்று பசுவுக்கு வைப்பது அதனினும் தீது. நஞ்சின் ஒரு கூறு பாலில் இறங்கும், காய்ச்சினாலும் நீங்காது, அப்பாலைக் குடிப்பன நம் குழந்தைகள். மூக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு, கோழி கிளறாத ஆழத்தில் அதைப் புதைத்துவிடுக.

கோழித் தீனியில் டன்னுக்கு 20 மில்லிகிராம் என்பதே அஃப்லாடாக்சின் பி1-க்கு இந்தியத் தர வரம்பு. இச்சிறு அளவைக் கண்ணால் காண இயலாது. ஐயமுள்ளோர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கலந்துகொள்ளலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீனி ஆய்வுக்கூடம் உண்டு. நஞ்சு மூட்டை முழுதும் சீராகப் பரவியிராது. ஆதலின் பல மூட்டைகளில் மேல், நடு, அடி என மூவிடத்தும் கைப்பிடி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோவைக் காகிதப் பையில் இட்டு அனுப்புக. பிளாஸ்டிக் பையில் இட்டால் வழியிலேயே வியர்த்துப் பூசணம் வளரும்.