பிக் பிடிக்கப் பழகுவோம்

விழுப்புரம், திண்டிவனம் சபைகளிலே புதிதாய்க் கிட்டார் எடுத்திருக்கிற உங்களுக்காகவே இந்தப் பாடம்.

அநேகர் கடைக்காரர் கொடுத்த பிக்கையே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சின்ன பிளாஸ்டிக் துண்டுதானே என்று நினைக்காதீங்க. கனமான பிக்கை இறுகப் பிடித்து அடித்தால், ஷீட் கூரை போட்ட சபையிலே கம்பிச் சத்தம்தான் கேட்கும். பாட்டுப் புத்தகம் வாசிக்கத் தெரியாத பாட்டியம்மா, காதால் கேட்டுத்தான் பாடுகிறார்கள். வரி காதில் விழாவிட்டால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அவர்களுடைய துதியை நம்முடைய கை தடுக்கலாமா? ஆனந்த சத்தம் வேணும், அதோடு நேர்த்தியும் வேணும் (சங்கீதம் 33:3).

எதை வாங்குவது? பிக்கின் மேலேயே மில்லிமீட்டர் அளவு போட்டிருக்கும். ஆரம்பத்தில் 0.60 முதல் 0.73 வரை போதும். டன்லப் டார்டெக்ஸ் வகையிலே ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88. மெல்லியது வளைந்து கொடுக்கும், ஆறு கம்பியிலும் தட்டாமல் ஓடும். தனித்தனி ஸ்வரம் வாசிக்கப் பழகின பிறகு பச்சைக்குப் போகலாம். பிக் கிடைக்கலையா? காலாவதியான ஏடிஎம் கார்டு ஏறக்குறைய 0.76 மில்லிமீட்டர் தடிமன். முனை மழுங்கின முக்கோணமாக வெட்டி, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள். தேய்க்காவிட்டால் கம்பியில் மாட்டும். (முற்காலத்தில் அழுங்காமை ஓட்டில் பிக் செய்தார்கள். அந்த ஆமை அழியத் தொடங்கினதால் 1970களில் சர்வதேச வியாபாரம் தடைசெய்யப்பட்டது. நல்லதுதான்.)

இனி பிடிப்பு. ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலை வையுங்கள். முனை அரை சென்டிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். கீழே விழாத அளவுக்குப் பிடித்தால் சரி, நசுக்க வேண்டாம். முழங்கையிலிருந்து அடிக்காமல் மணிக்கட்டை அசையுங்கள். கம்பிக்கு நேராக நிறுத்தாமல் பிக்கைச் சற்றே சாய்த்தால் 'டிக் டிக்' சத்தம் குறையும். முதல் வாரம் கீழ்நோக்கி மட்டும், கைத்தாளத்தோடு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தாளம் நின்ற பிறகுதான் மேல்நோக்கி அடிக்கணும். அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் ஆராதனை நடுவிலே வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

"தாவீதுக்குப் பிக் இருந்ததா, பிரதர்?" என்று கேட்பீங்க. அவர் கையினால் வாசித்ததாக 1 சாமுவேல் 16:23ல் பார்க்கிறோம். ஜெப நேரத்தில் நீங்களும் பிக்கைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலால் மெதுவாய் வருடுங்கள். நைலான் கம்பி கிட்டார் என்றால் எப்போதுமே விரல்தான் நல்லது.

பிக் கிட்டாருக்குள் விழுந்துவிட்டால் பெட்டியைக் கவிழ்த்து, ஓட்டை கீழே பார்க்க மெதுவாய்க் குலுக்குங்கள், வந்துவிடும். ஆனால் பிரசங்கம் நடக்கும்போது குலுக்காதீங்க. வேதாகம உறையிலே இன்னும் இரண்டு பிக் வைத்திருங்கள்.